ஜி. டி. நாயுடுவும் சிறு மோட்டார் வண்டியும்

சென்ற வைகாசி மாதத்தில் நண்பர் ஒருவருடன் ஜவ்வாது மலைக்குச் சென்றிருந்தேன். ஆலங்காயத்தைக் கடந்து, காவலூர் வான் ஆராய்ச்சிக்கூடத்தை நோக்கி ஏறும் பாதையில் எங்களைச் சுமந்து சென்றது, அறுபது பிராயத்தை நெருங்கிய ஒரு சிறு மோட்டார் வண்டி. நால்வர் நெருக்கி அமரலாம், ஐந்தாமவர்க்கு இடமில்லை. கிராமத்து மாட்டுக்கொட்டகை ஒன்றில் கோழிகள் அடைகாக்கும் கூடாக அது கிடந்தபோது நண்பர் விலைக்கு வாங்கினார். பின்னர் மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே அர்ப்பணித்து, துருவைச் சுரண்டி, தகட்டை வெட்டி ஒட்டி, யந்திரத்தை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டி உயிர்ப்பித்தார். அவ்வண்டி மலையேற்றத்தின் நடுவில் திடீரென்று நின்றுவிட்டது. நண்பர் சிறிதும் கலங்கினாரில்லை. வெயிலிலும் யந்திரத்தின் வெப்பத்திலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டது என்று கண்டு, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, புளியமர நிழலில் அமர்ந்துவிட்டார்.

அவ்வழியே வந்த மலைவாசி முதியவர் ஒருவர் வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, இதைத் தள்ளிவிட்டுப் புதிது ஒன்று வாங்கலாகாதா என்று வினவினார். நண்பர் நகைத்துக்கொண்டு, இந்தப் பைத்தியம் தமக்குக் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவிடமிருந்து தொற்றியது என்றார். முதியவருக்கு அப்பெயர் தெரிந்திருக்கவில்லை. நம் மாணவர்களிற் பலருக்கும் பெயரளவிலேயே தெரியும் என்பது என் எண்ணம். ஆகவே துணி உலர்ந்து வண்டி புறப்படும் வரையில் நண்பர் சொல்லியதையும், ஊர் திரும்பியபின் யான் தேடி அறிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் தேதி, கோயமுத்தூருக்குக் கிழக்கே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண்குடியிற் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது மூன்றாம் வகுப்பு வரையில்தான். உபாத்தியாயரின் கண்ணில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடியவர் என்று ஒரு கதை வழங்குகின்றது. இக்கதையை மாணவர் இதழில் எழுதுவது தகுமோ என்று சற்று யோசித்தேன். ஆயினும் பின்னாளில் ஒரு தொழிற்கல்லூரிக்கே தலைவராக அமர்ந்தவர் பள்ளியை விட்ட விதத்தை மறைப்பதும் நியாயமன்று.

நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த அந்த இளைஞனுக்கு ஏறக்குறைய இருபது வயதாயிருக்கும்போது, ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த ஆங்கில உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிள் ஒன்றில் அப்பக்கம் வந்தார். அது 1912-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல், மிதிக்கும் காலும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு ஊரார் வியந்து கலைந்தார்கள். துரைசாமிக்கோ அவ்வியப்பு கலையவில்லை. அது எவ்வாறு ஓடுகிறது என்று அறியாமல் அவருக்கு மனம் அடங்கவில்லை. அறிவதற்கு ஒரே வழி அதனைத் தமதாக்கிக்கொள்வதே என்று துணிந்து, கோயமுத்தூருக்கு நடந்தே சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்துச் சேர்த்து, சில நூறு ரூபாய் திரண்டதும் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். வாங்கியவர் அதில் ஏறி ஊரார் காண உலா வந்திருக்கலாம். அந்த வயதில் எவர்க்கும் அதுவே இயல்பு. அவர் செய்ததோ வேறு. வண்டியை முழுவதும் பிரித்துப் போட்டார்; பிறகு பூட்டினார்; மறுபடியும் பிரித்தார். அக்காலத்து மோட்டார் சைக்கிள் இக்காலத்தது போல மூடிமறைத்த பொருளன்று. ஒற்றைச் சிலிண்டர், தீப்பொறி பிறப்பிக்கும் மாக்னெட்டோ, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர், பின்சக்கரத்தைச் சுழற்றும் வார் ஆகிய ஒவ்வொன்றும் கண்ணுக்கு எதிரே நிற்கும். பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும், வால்வு எப்போது திறந்து எப்போது மூடவேண்டும் என்பவற்றைப் புத்தகம் இல்லாமலும் ஆசிரியர் இல்லாமலும், தவறாகப் பூட்டினால் ஓடாது, சரியாகப் பூட்டினால் ஓடும் என்ற ஒரே பரீட்சையைக் கொண்டு அவர் கற்றுக்கொண்டார். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் இன்றும் இதே பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். அதில் சிபாரிசுக்கு இடமில்லை.

அதன்பின் அவர் யந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று பெயர் பெற்றார். ஆயினும் அவர் வாழ்வு நேர்க்கோட்டில் செல்லவில்லை. திருப்பூரில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, முதல் உலக யுத்த காலத்தில் நல்ல பொருள் ஈட்டினார். அப்பொருளை மேலும் பெருக்க எண்ணிப் பம்பாய்க்குச் சென்று, அவ்வூர்ப் பஞ்சுச் சந்தையில் அதனை இழந்து திரும்பினார். கையிலிருந்து காசு போயிற்று. கை கற்ற வித்தை போகவில்லை. கோயமுத்தூரில் ஆலைகளும் கல்விச்சாலையும் நிறுவிப் புகழ்பெற்றிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவருடைய திறமையை உணர்ந்து பொருளுதவி செய்ய, 1920-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒரே பஸ்ஸை நாயுடுவே ஓட்டினார். முதலாளியும் அவரே, சாரதியும் அவரே. வழியில் வண்டி நின்றால் அதன் அடியிற் படுத்துப் பழுது பார்ப்பவரும் அவரே.

சில ஆண்டுகளில் அந்த ஒன்று பலவாகப் பெருகி, யூ. எம். எஸ். என்ற மூன்று எழுத்துக்களால் கொங்குநாடெங்கும் அறியப்பட்ட பெரிய பஸ் கம்பெனியாயிற்று. அதன் வெற்றிக்கு உயிர்நிலை பஸ்களின் எண்ணிக்கையன்று, அவற்றைப் பேணிய தொழிற்கூடமே என்று யான் கருதுகிறேன். உதிரிப் பாகங்கள் கப்பலில் வரவேண்டிய காலம் அது. ஒரு பித்தளை வளையம் தேய்ந்துபோனால், சீமையிலிருந்து புதியது வரும்வரை வண்டியை நிறுத்திவைப்பதா, அதனைத் தாமே கடைந்துகொள்வதா என்ற கேள்வி நாள்தோறும் எழுந்திருக்கும். நாயுடுவின் விடை எப்போதும் கடைசல் யந்திரத்தின் பக்கமாகவே இருந்தது. பழுது பார்க்கும் கூடம் பொருள் செய்யும் கூடமாக வளர்ந்த வரலாறு இதுதான்.

1932-ஆம் ஆண்டளவில் நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரம் எழுந்து கோயமுத்தூரை எட்டியது. கொங்குநாட்டுக் கிணறுகள் ஆழமானவை. கமலை இறைத்து மாடுகள் ஓய்ந்துபோகும் நாடு அது. மின்சாரம் வந்தபின் அதனைக்கொண்டு நீர் இறைக்கும் மோட்டார் வேண்டும். அதுவோ வெளிநாட்டுச் சரக்கு. டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் மற்றொரு மேதை உருவாக்கிய மின்சார மோட்டாரை, 1937-ஆம் ஆண்டில் பீளமேட்டிலிருந்த ஜி. டி. நாயுடுவின் தொழிற்சாலை வெளியிட்டது. நம் தேசத்திலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அது என்பர். இன்று அந்நகரம் பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர் பெற்றிருப்பதற்கு இவ்விருவர் இட்ட வித்தும் ஒரு காரணம்.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவர் பலமுறை பிரயாணம் செய்தார். 1936-ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் தம் கையாலேயே சினிமாப் படமாக எடுத்தார். உலர்ந்த பாட்டரியால் இயங்கும் சவரக்கருவி, மிக மெல்லிய சவரத்தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குப்பதிவு யந்திரம், பருத்தியிலும் பப்பாளியிலும் செய்த சோதனைகள் என்று அவருடைய முயற்சிகளை எண்ணப்புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா. அவற்றை இத்துடன் விடுகிறேன். ஒன்றை மட்டும் குறிக்கவேண்டும். 1941-ஆம் ஆண்டில் ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அவர் காட்டினார். செல்வர் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து எளியவர் வீட்டில் வைக்கவேண்டும் என்ற ஆசை அவருடைய எல்லா முயற்சிகளுக்கும் அடியில் ஓடுவதை இதில் காணலாம்.

1945-ஆம் ஆண்டில், அக்காலத்துச் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு தொழிற்கல்லூரி கோயமுத்தூரில் தோன்றியபோது, அதற்குப் பொருளளித்ததுடன் முதல் தலைவராகவும் அவர் அமர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குவது, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் அபிப்பிராயம். அரசாங்கத்தார் இசையவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரி வேறிடம் சென்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இன்றும் சிறந்து விளங்குகிறது. பழைய இடத்துப் பஸ் நிறுத்தம் மாத்திரம் ஹோப் காலேஜ் என்ற பெயரை விடாமற் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வழக்கில் யான் நாயுடுவின் பக்கம் முற்றும் சாயமாட்டேன். தம்மைப் போலவே எல்லா மாணவரும் இரவு பகலாகப் பிரித்துப் பூட்டிக் கற்பார்கள் என்று அவர் எண்ணிவிட்டார் போலும். எங்கள் வகுப்புகளை அவர் ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் நான்கு ஆண்டும் போதாது என்று சொல்லியிருப்பார்.

இனி, என் நண்பரைப் பித்துக்கொள்ளச் செய்த செய்திக்கு வருகிறேன். 1952-ஆம் ஆண்டில் நாயுடு பெட்ரோலில் ஓடும் இரண்டு ஆசனச் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் என்று திட்டமிட்டார். கார் என்பது மிராசுதாரர், டாக்டர், வக்கீல் ஆகியோர் வாசலில் மட்டுமே நிற்கும் பொருளாயிருந்த காலம் அது. பள்ளி ஆசிரியரும் சிறு வியாபாரியும் தம் மனைவியை அருகில் அமர்த்தி மழையில் நனையாமற் செல்லலாம் என்ற நினைவே அன்று துணிவான நினைவு.

இது பகற்கனவுமன்று. 1922-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின், 747 கன சென்டிமீட்டர் யந்திரம் கொண்ட ஆஸ்டின் செவன் என்ற சிறு காரை வெளியிட்டு, மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த குடும்பங்களைக் காரில் ஏற்றிவிட்டார். இத்தாலியர் 1936-ஆம் ஆண்டில் 569 கன சென்டிமீட்டர் யந்திரத்தோடு பியட் 500 என்ற வண்டியைச் செய்து, அதற்குச் சுண்டெலி என்று செல்லப் பெயரும் இட்டனர். பிரெஞ்சுக்காரர் 1948-ஆம் ஆண்டில் சித்ரோயன் 2 சிவி என்ற வண்டியைப் பாரிஸ் காட்சிச்சாலையில் வைத்தனர். யுத்தத்தால் நொந்த ஜெர்மனியில், முன்பக்கத்தையே கதவாகத் திறந்து ஏறும் இஸெட்டா என்ற முட்டை வடிவ வண்டியை பி. எம். டபிள்யூ. கம்பெனியார் 1955-ஆம் ஆண்டில் செய்யத் தொடங்கினர். கோயமுத்தூரில் நாயுடு செய்ததும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே. அவர் உலகத்துக்குப் பின்தங்கியிருக்கவில்லை.

ஆயினும் வண்டி வீதிக்கு வரவில்லை. 1951-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் 1952 மே மாதத்தில் அமுலுக்கு வந்திருந்தது. மோட்டார் வண்டி செய்வதற்கு மத்திய அரசாங்கத்தின் லைசென்ஸ் அவசியமாயிற்று. நாயுடுவுக்கு அது கிடைக்கவில்லை.

அரசாங்கத்தாரின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்நியச் செலாவணி அருமையாயிருந்த காலம். விற்பனையாகும் வண்டிகளோ மிகச் சில. அந்தச் சிறு சந்தையைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் எவரும் நிலைக்கமாட்டார் என்று அஞ்சினர். 1953-ஆம் ஆண்டில் தீர்வைக் கமிஷனும், உதிரிப் பாகங்களை நாட்டிலேயே செய்யத் திட்டமுள்ள கம்பெனிகளுக்கே இடமளிக்கவேண்டும் என்று கூறியது. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் தம் வேலையை நிறுத்திக்கொண்டு வெளியேறின. கல்கத்தாவை அடுத்த இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய சில பெயர்களே நிலைத்தன. இதில் ஒரு நியாயம் இல்லாமற் போகவில்லை. நாயுடுவின் கார் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டிருந்தால் 2,000 ரூபாய்க்குத் தாங்கியிருக்குமா, நம் மேடுபள்ளச் சாலைகளிலும் மலைப்பாதைகளிலும் எத்தனை ஆண்டு உழைத்திருக்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. என் குறை அதுவே. ஓடினால் சரி, ஓடாவிட்டால் தவறு என்று வாழ்ந்த மனிதரின் வண்டிக்கு ஓடிப்பார்க்கும் அந்தப் பரீட்சையே மறுக்கப்பட்டது.

எளிய குடும்பங்கள் பெருவாரியாக வாங்கத்தக்க சிறு கார் இந்நாட்டில் ஓட, 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வரும்வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாயுடு காத்திருக்கவில்லை; 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தம் எண்பத்தோராம் வயதில் காலமானார்.

இடைப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றை நண்பர் மலைப்பாதையில் எடுத்துச் சொன்னபோதுதான் யான் உணர்ந்தேன். புதிய கார் வேண்டுமென்று முன்பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் முறை பார்த்திருந்தார்கள். ஆதலால் இருக்கும் வண்டியை விடாமல் காப்பாற்றுவதே குடும்ப தர்மமாயிற்று. 1089 கன சென்டிமீட்டர் பியட் வண்டியும், 1961-ஆம் ஆண்டு முதல் சென்னையில் செய்யப்பட்ட இரண்டு கதவு ஹெரால்டு வண்டியும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவதும், கிடைக்காத பாகத்தை மாதிரி பார்த்துக் கடைந்து கொடுப்பதும், சப்பையான தகட்டை மரச்சுத்தியால் தட்டி எடுப்பதும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு தெருவின் தொழிலாயின. லைசென்ஸ் மறுத்தவர்கள் எண்ணாத விளைவு இது: நாயுடு தனியாளாகக் கற்ற வித்தையை நாடே கற்றுக்கொண்டது. இன்று கார்ப்பஞ்சம் நீங்கியது. தேவைக்காகப் பிறந்த அவ்வித்தையை இப்போது நண்பரைப் போன்றோர் விருப்பத்துக்காகப் போற்றுகிறார்கள். ஆயின் அவர்களுக்குக் கற்பிக்கும் பழைய மெக்கானிக்குகள் எழுபது வயதைத் தாண்டியவர்கள். நண்பரின் குருநாதர், வண்டியின் கியர்ப் பெட்டியைப் பிரித்துக் காட்டிய மறு ஆண்டே காலமானார். அவருடைய பிள்ளைகள் எவரும் அத்தொழிலில் இல்லை. கார்புரேட்டரின் காற்றுத் திருகை எவ்வளவு திருப்புவது என்பதை அவர் காதாலேயே அறிவாராம். அதனை எழுதிவைக்க எவர்க்கும் தோன்றவில்லை.

ஈரத்துணி காய்ந்தது, நண்பர் சாவியைத் திருப்பினார், இரண்டு முறை இருமிவிட்டு யந்திரம் பிடித்துக்கொண்டது. முதியவர் கோலை உயர்த்தி வழியனுப்பினார். அன்று மாலை காவலூரில், நம் நாட்டவரே திட்டமிட்டுச் செய்து 1986-ஆம் ஆண்டில் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கூடாரத்தை வெளியிலிருந்து கண்டு இறங்கினோம்.

கோயமுத்தூர் அவினாசி சாலையில் நாயுடுவின் பெயர் தாங்கிய காட்சிச்சாலை இருக்கிறது. அவர் செய்த கருவிகளையும் சேகரித்த பொருள்களையும் அங்கே காணலாம். 2015-ஆம் ஆண்டில் அவருடைய குடும்பத்தார் அச்சாலையிலேயே பழைய கார்களுக்கெனத் தனியாக ஒரு காட்சிச்சாலையைத் திறந்தனர். பல தேசத்து வண்டிகள் துடைத்துப் புதுப்பிக்கப்பட்டு வரிசையாக நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, அதே சாலையின் மேலே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையில் 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது, அதற்கு ஜி. டி. நாயுடு பெயரையே இட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பம்பின் சவ்வை மாற்றியபின் தம் வண்டியை அப்பாலத்தின்மேல் ஒரு முறை ஓட்டிச்செல்ல வேண்டுமென்று நண்பர் ஆசை கொண்டிருக்கிறார். கார்த்திகையில் வெயில் தணிந்ததும் புறப்படுவதாக ஏற்பாடு. எனக்கும் ஓர் ஆசனம் வாக்களித்திருக்கிறார்.